வேப்பேரியின் கடன்: இருதயக் காவலும் சாந்தமான கடிந்துரையும்

இருதயத்தைக் காத்துக்கொள்வதைக் குறித்து நாம் பிரசங்கிக்கும்போது, இச்சை, கோபம், பொறாமை ஆகியவற்றையே பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் காரியங்களிலும் இருதயத்திற்குக் காவல் வேண்டும் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. தமிழகத்துச் சுவிசேஷத் திருச்சபையின் முதல் நூற்றாண்டு வரலாறு இதனை நமக்குத் தெளிவாய்க் கற்பிக்கிறது. அவ்வரலாற்றின் இரு நிகழ்ச்சிகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. மற்றொன்று சென்னை வேப்பேரியில் நிகழ்ந்தது. இரண்டும் பணத்தைப் பற்றியவை.

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், 1708-ஆம் ஆண்டின் இறுதியில் டேனியத் தளபதி ஹாசியுசினால் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கே இருந்தார். அச்சிறை அவரது உள்ளத்தை ஒடுக்கவில்லை. ஆனால் அவருடைய கடைசிக் காலத்தில் நேர்ந்த துன்பம் வேறு வகையானது. கோபன்ஹேகனில் 1714-இல் நிறுவப்பட்ட மிஷன் சங்கத்தின் செயலாளராகிய வெண்ட் என்பவர், மிஷனெரிகள் அப்போஸ்தலரைப்போல் பையும் பணமுமின்றி ஊர் ஊராய்ச் சென்று பிரசங்கிக்கவேண்டும் என்ற உறுதியான கொள்கையுடையவர். பள்ளிகளுக்கும் கட்டடங்களுக்கும் பணம் செலவிடுதல் அவருக்கு உடன்பாடன்று. 1718-இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அக்காலத்தையொட்டியே சங்கத்திலிருந்து கடுமையான கடிந்துரைகள் கடல் கடந்து வந்தன. உடல் நலிந்திருந்த சீகன்பால்க்கின் உள்ளத்தை அவை ஆழமாய்ப் புண்படுத்தின. 1719 பெப்ருவரியில், தமது முப்பத்தாறாம் வயதில், அவர் மரித்தார்.

வெண்ட் துன்மார்க்கர் அல்லர். மிஷன் பணம் வீணாகலாகாது என்ற அவரது கவலையும் தவறானதன்று. ஆயினும் அவர் தமிழ்நாட்டைக் கண்டதில்லை. தரங்கம்பாடியின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் சபைக்கு ஆலயமும் எதற்கு வேண்டியிருந்தன என்று அருகிருந்து கேட்டறிந்தவருமல்லர். பல மாதப் பயணத்திற்கு அப்பாலிருந்து, ஒரு கொள்கையை அளவுகோலாகக் கொண்டு, ஒரு மனிதரை நிறுத்துப் பார்த்தார். கடிந்துகொள்பவரின் நோக்கம் தூயதாயிருப்பது மட்டும் போதாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி வேப்பேரிக்கு வருவோம். யோகான் பிலிப் பப்ரிசியுஸ் ஐயர் 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-இன் இறுதியில் சென்னை மிஷனின் பொறுப்பை ஏற்றவர். பிரெஞ்சுப் படைகள் சென்னையைத் தாக்கியபோது, தம் மக்களோடு பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தவர். 1761-இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சு இயந்திரம் அவரிடம் ஒப்படைக்கப்பட, வேப்பேரியில் தமிழ் அச்சுப்பணி தொடங்கிற்று. அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இலும், தமிழ்–ஆங்கில அகராதி 1779-இலும் அங்கே வெளிவந்தன. அவருடைய வேத மொழிபெயர்ப்பைத் தமிழ் லுத்தரன் சபையார் பொன் மொழிபெயர்ப்பு என்றே போற்றினர். அவர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் இன்றும் நம் ஆராதனைகளில் ஒலிக்கின்றன. மணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்வு வாழ்ந்தவர். பேராசை அவரிடம் இருந்ததாக எவரும் கூறியதில்லை.

அத்தகையவர் தமது முதுமையில் கடனாளியாய்ச் சிறையில் இருக்க நேர்ந்தது. அக்காலச் சென்னை கடனிலும் வட்டியிலும் மூழ்கிய நகரம். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவுக்குக் கடன் கொடுத்துப் பெருவட்டி பெறுவது கும்பெனி உத்தியோகஸ்தர் பலருக்கு வழக்கமாயிருந்தது. அக்கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் இங்கிலாந்தின் பாராளுமன்றத்தில் கண்டித்துப் பேசினார். இச்சூழலில் மக்கள் நம்பி ஒப்படைத்த பணத்தைப் பப்ரிசியுஸ் ஏற்றுக் கடனாகக் கொடுத்தார். வரும் வட்டி மிஷன் பணிக்கு உதவும் என்பதே எண்ணம். கடன் பெற்றோர் திருப்பிச் செலுத்தவில்லை. கொடுத்தோர் தம் பணத்தைக் கேட்டு நின்றனர். சீகன்பால்க்கின் சிறை அவரது சாட்சிக்கு மகுடமாயிற்று; பப்ரிசியுசின் சிறையோ சபைக்குத் தலைகுனிவாயிற்று.

இங்கே தவறியது எது? இச்சையன்று, கணக்கு. தன் நோக்கம் நல்லது என்று உறுதியாய் அறிந்த இருதயம், தன்னை வேறொருவர் விசாரிக்கவேண்டிய தேவையை உணர்வதில்லை. ஊர் முழுவதும் செய்வதை ஊழியத்திற்காகச் செய்தால் அது பரிசுத்தமாகிவிடும் என்று அது எண்ணிக்கொள்கிறது. நீதிமொழிகள் நான்காம் அதிகாரம் எல்லாக் காவலிலும் மேலாக இருதயக் காவலை வற்புறுத்துவது, கெட்ட இருதயத்திற்கு மட்டுமன்று. நல்லவர்களின் இருதயத்திற்கும் அது பொருந்தும்.

அதே காலத்தில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயரின் செயலை இதனோடு ஒப்பிடுக. 1779-இல் சென்னை அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி ஐதர் அலியைக் காண அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். விடைபெறும்போது வழிச்செலவுக்காக ஐதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அதனை அவரே வைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் கூறிய பின்னரே, அவர்கள் சம்மதத்தோடு, தஞ்சாவூரில் பிள்ளைகளின் பள்ளிக்கு அதனை முதலாக்கினார். பணம் நற்காரியத்திற்கே சென்றது. ஆனால் பிறருடைய கண்முன்னே சென்றது. இதுவே காவல்.

பப்ரிசியுசின் சரித்திரம் சிறையோடு முடியவில்லை. 1788-இல் கெரிக்கே ஐயர் நாகப்பட்டினத்திலிருந்து வேப்பேரிக்கு வந்து, சிதைந்துகிடந்த மிஷன் பொறுப்பை ஏற்றார். முதியவரின் கையிலிருந்து நிர்வாகம் நீங்கிற்று. தவறு தவறென்றே கொள்ளப்பட்டது. ஆயினும் அவர் தள்ளுண்டவராகவில்லை. அவரது வேத மொழிபெயர்ப்பும் பாட்டுகளும் சபையின் செல்வமாகவே போற்றப்பட்டன. பப்ரிசியுஸ் 1791 சனவரியில் மரித்தார். 1803-இல் மரித்த கெரிக்கேயோ, தமது பொருளை மிஷனுக்கே விட்டுச்சென்றார். வெண்ட் கடிதம் அனுப்பினார். கெரிக்கே தாமே வந்தார். கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் பரி. பவுல் தவறினவனைச் சாந்தத்தோடே சீர்ப்படுத்தக் கூறியவுடன், கூறுகிறவன் தன்னைக் குறித்தும் எச்சரிக்கையாயிருக்கவும், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவும் கட்டளையிடுவது ஈண்டு நோக்கத்தக்கது. பாரத்தில் தோள் கொடுக்க ஆயத்தமில்லாதவன் கடிந்துகொள்ள உரிமையற்றவன் என்பதே அதன் கருத்து எனலாம். ஆனால் வேப்பேரியில் அத்தோள் சிறைக்குப் பின்னரே வந்தது. சாந்தமான கேள்வி ஒன்று முன்னரே வழக்கமாயிருந்திருப்பின், எத்தனையோ ஏழைகளின் பணம் தப்பியிருக்கும்.

வேப்பேரிக்கு அருகே செல்லும் பழைய நெடுஞ்சாலை மேற்கே பூவிருந்தவல்லியை அடைகிறது. அதற்கு அப்பால் பாரிவாக்கம், ஆவடி என நகரம் விரிந்துகொண்டே போகிறது. வயலும் ஏரியுமாயிருந்த ஊர்களில் மனைகள் எழுகின்றன. புதிய சபைகளும் எழுகின்றன. மனை வாங்கவும் ஆலயம் கட்டவும் விசுவாசிகள் தம் சிறுசேமிப்பை ஆயரிடம் நம்பித் தருகின்றனர். சீட்டுக்கும் கைமாற்றுக்கும் ஆயரின் ஒரு சொல்லே பிணையாகிறது. இப்பணத்தை வாங்கும் கைகளிற் பெரும்பாலானவை, பப்ரிசியுசின் கைகளைப்போல், வஞ்சனையற்றவை. ஆபத்து அங்கேயே இருக்கிறது.

ஆகவே ஊழியத்திற்கு ஆயத்தமாகும் நாம் இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளவேண்டும். நம்மிடம் வரும் பணம் எதுவாயினும் வேறொருவர் கண்முன்னே எழுதப்படட்டும். கேள்வி கேட்கும் சகோதரனை நாம் சத்துருவாக எண்ணாதிருப்போமாக. உடன் ஊழியரிடம் தவறு காண்போமாயின், மத்தேயு 18-இல் ஆண்டவர் காட்டிய முறைப்படி, முதலில் தனியே, அவரது வீட்டுக்கே செல்வோமாக. கடிதமும் கமிட்டியும் அதற்குப் பின்பு வரட்டும்.