வெப்பம் வெளியேறும் வழி

முன்னாளிலே பூநகரிப் பக்கத்திலிருந்து பாதையேறி யாழ்ப்பாணம் சென்றோர்க்கு நீரேரிக் காற்றே குளிரூட்டி. 2011ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், மோட்டார் வண்டிகள் கண்ணாடியை மூடியே அந்நீரைக் கடக்கின்றன. அவ்வேளை குளிரூட்டி வெப்பக் காற்றை வீசினால் காரணம் யாது?

குளிரூட்டி குளிரைப் படைப்பதில்லை; உள்ளிருக்கும் வெப்பத்தை ஒரு வாயுவின்மீது ஏற்றி வெளியே அனுப்புகின்றது. அமெரிக்கப் பக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் இதனைப் பொருத்தி விற்றது. அக்காலத்தில் அதை நிறுத்த, இயந்திர மூடியைத் திறந்து பட்டியைக் கழற்றவேண்டியிருந்தது! பின்வந்த மின்காந்தக் கிளச்சு அத்தொல்லையைத் தீர்த்தது. ஆயினும் அது பிடிக்காவிடின் வாயுவை அமுக்கும் கொம்பிறசர் சுழலாது. முதலில் நோக்கவேண்டியது அதுவே. அடுத்தது, முன்புறக் குழாய்த் தட்டிலே புழுதி அடைத்துள்ளதா என்பது. மூன்றாவது, வாயு கசிவு. மூட்டுகளில் தோன்றும் எண்ணெய்க் கறை அதனைக் காட்டும்.

கசிவு சிறிதென்று எண்ணலாகாது. முன்னர் பயன்பட்ட பிரியோன்-12 வாயு ஓசோன் படலத்தை அரித்தது. அதனைத் தடுக்க 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது; இலங்கை 1989இல் அதிற் சேர்ந்தது. அதற்குப் பதிலாய் வந்த ஆர்-134ஏ ஓசோனை அரிப்பதில்லை. எனினும், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேலாகப் புவியைச் சூடாக்கும்.

ஆகவே, கசிவை அடைக்காது வாயுவை மட்டும் நிரப்புவோர், வண்டிக்குள் ஒருநாட் குளிரைப் பெற்று, வெளியே நெடுநாள் வெப்பத்தை விதைக்கின்றனர்.