தறிக்காகக் கட்டிய வீடுகள்

லியோனுக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் அலுவலகத்தில் சொல்லும் யோசனை எப்போதும் ஒரே மாதிரிதான். பிள்ளைகள் இருந்தால் தெத் தோர் பூங்காவை ஒட்டிய 6ஆம் வட்டாரம். அடிக்கடி பாரிஸ் போகிறவர் என்றால் ரயில் நிலையத்தை ஒட்டிய பார்-தியூ. வாடகை கட்டுப்படியாக வேண்டுமென்றால் ரோன் ஆற்றுக்குக் கிழக்கே கியோத்தியேர் அல்லது வில்லர்பான். க்ருவா-ரூஸ் குன்று என்றால் மட்டும் கொஞ்சம் இழுப்பார்கள்: அழகான இடம்தான், ஆனால் படி ஏறணும், வீடெல்லாம் பழசு, குளிர்காலத்தில் சூடேற்றுகிற செலவு தாங்காது.

நான் அந்தக் குன்றில்தான் வீடு எடுத்தேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். அந்தக் குன்றின் வீடுகளைக் கட்டவைத்ததே தறிதான் என்று தெரிந்த பிறகு வேறு எங்கும் மனம் போகவில்லை.

லியோனின் பட்டுத் தொழிலே வெளியூர்க்காரர்கள் தொடங்கியது. 1536இல் இத்தாலியின் பியெமோந்தே பகுதியிலிருந்து வந்த எத்தியேன் துர்க்கே என்ற வணிகருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் முதலாம் பிரான்சுவா மன்னர் இங்கே பட்டு நெய்ய உரிமை கொடுத்தார். நெய்ய வந்து குடியேறுபவர்களுக்கு வரிவிலக்கும் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு அழைக்கப்படுகிறவர்களுக்குப் பிரான்ஸ் இன்றும் சில ஆண்டுகளுக்கு வருமான வரிச் சலுகை தருகிறது. அந்தப் படிவத்தை நிரப்பியபோது எனக்கு துர்க்கேயின் நினைவுதான் வந்தது.

முதலில் நெசவாளர்கள் இருந்தது குன்றில் அல்ல. சோன் ஆற்றின் மேற்குக் கரையில், சேன்-ழான், சேன்-ழோர்ழ் தெருக்களின் தாழ்ந்த அறைகளில் நெய்தார்கள். அவர்களை இடம் பெயரவைத்தது ஒரு கருவி. லியோனில் பிறந்த ழோசெப் மரி ழக்கார் 1800களின் தொடக்கத்தில், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கும் பொறியை உருவாக்கினார். நாம் ஜக்கார்டு பெட்டி என்கிறோமே, அதுதான். தறியின் தலைமேல் உட்காரும் அந்தப் பெட்டியோடு சேர்ந்தால் மொத்த உயரம் ஏறக்குறைய 4 மீட்டர். பழைய அறைகளில் அதற்கு இடமில்லை.

அதே சமயம் குன்றுச் சரிவில் நிலம் கிடைத்தது. அது மடங்களின் சொத்து. பிரெஞ்சுப் புரட்சி அரசு அதைப் பறிமுதல் செய்து விற்றுவிட்டது. வாங்கியவர்கள் நெசவாளர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகவே 5, 6 மாடிக் கட்டடங்களை எழுப்பினார்கள். உச்சியிலிருந்த சமவெளிக்கு இன்னொரு கவர்ச்சி: 1852 வரை அது லியோனைச் சேராத தனி ஊர். நகர வாசலில் வசூலாகும் சுங்கம் அங்கே கிடையாது. ஒயினும் சாப்பாடும் மலிவு, வாடகையும் குறைவு.

என் வீடு சரிவில், 4ஆம் மாடியில் இருக்கிறது. ஒரே பெரிய அறை, கூரை மட்டும் எட்டாத உயரத்தில். குறுக்கே கனத்த ஓக் உத்தரங்கள் நெருக்கமாக ஓடுகின்றன. தறி அடிக்கும் அடியில் ஆடாமல் இருக்க அதை இந்த உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். ஜன்னல்கள் ஆளைவிட உயரம், ஏனென்றால் பட்டின் நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும். கண்ணாடிக்குப் பதில் எண்ணெய் தடவிய காகிதம் ஒட்டியதும் உண்டு. மூலையில் பலகையால் ஒரு பரண். குடும்பம் அதில்தான் படுத்தது, கீழே அடுப்பு. நல்ல காற்றும் வெளிச்சமும் தறிக்குப் போயின; மனிதர்களுக்கு மிஞ்சியது பரண். இன்று வாடகை ஒப்பந்தத்தில் 1.80 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள இடத்தை வீட்டின் பரப்பில் சேர்க்கமாட்டார்கள். என் பரணில் நிமிர்ந்து நிற்க முடியாது, ஆகவே சட்டப்படி அது இடமே இல்லை.

போனில் அப்பாவுக்கு வீட்டைக் காட்டினேன். ஜன்னல் வழியே தெரிந்த ஆற்றை அவர் கவனிக்கவே இல்லை. “பெட்டியை எந்த உத்தரத்துக்குக் கீழே வெச்சிருப்பாங்கம்மா?” என்றுதான் கேட்டார். எங்களுடையது குழித்தறி. ஓட்டுக்கூரை தாழ்வு, நெய்பவர் கால் குழிக்குள் இறங்குவதால்தான் மேலே பெட்டிக்கு இடம் கிடைத்தது. நாங்கள் தோண்டி வாங்கிய உயரத்தை இவர்கள் சுவர் எழுப்பி வாங்கியிருக்கிறார்கள்.

கணக்கு வழக்கும் எங்களுடையதுதான். தறி நெசவாளருடையது, நூலும் டிசைனும் குன்றுக்குக் கீழே இருந்த வணிகருடையது, நெய்து கொடுத்தால் கூலி. வணிகர்கள் கூலியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அட்டவணை ஒப்புக்கொள்ளப்பட்டது. வணிகர்களில் பலர் அதை மதிக்க மறுத்தார்கள். நவம்பர் 21 அன்று நெசவாளர்கள் கிராந்-கோத் சரிவு வழியே இறங்கி வந்து, சண்டையிட்டு நகரையே கைப்பற்றினார்கள். டிசம்பரில் படை வந்தது, அட்டவணை ரத்தானது. 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தபோது இன்னும் கொடுமையாக அடக்கப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் அவர்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகையே இருந்தது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். கூலியைப் பற்றி, கூலி வாங்குகிறவர்களே எழுதி அச்சிட்டார்கள்.

பிறகு தறிகள் மெல்ல மெல்லச் சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் விசைத்தறி ஆலைகளுக்கும் போய்விட்டன. 1862இல் ரூ தெர்ம் தெருவில் கம்பிவட இழுவை ரயில் வந்தது. அத்தனை மூட்டைகளையும் முதுகில் சுமந்து ஏறியவர்களுக்கு அது வந்தபோது கைத்தறியின் நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது. இப்போது சமவெளியில் பிரெல் என்ற பழைய நிறுவனம் இன்னும் பட்டு நெய்கிறது. ரூ தீவ்ரி தெருவில் உள்ள மேசோன் தே கனூ என்ற நெசவு அருங்காட்சியகத்தில் ஜக்கார்டு தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் தெருதான்.

தறி போன வீடுகள் வெகுநாள் ஏழைகளின் வீடாகவே இருந்தன. பிறகு ஓவியர்கள், மாணவர்கள் வந்தார்கள். 1998இல் சரிவு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்று வீட்டுக்காரர்கள் கேட்பது வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஜாமீனுக்கு ஓர் ஆள். கையால் உழைத்துப் பிழைக்கப் புதிதாக வருகிறவருக்குக் குன்று எட்டாது. அவர் கியோத்தியேரிலோ வெனிஸ்ஸியூவிலோ இடம் தேடுகிறார். இது எனக்கு வருத்தமான விஷயம், இங்கே குடியிருந்துகொண்டேதான் சொல்கிறேன்.

வீடு பார்க்க வரும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் குன்றையும் போய்ப் பாருங்கள் என்கிறேன். பரணின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், சூடேற்றுவது மின்சாரமா எரிவாயுவா என்று கேளுங்கள். 2021 நவம்பரிலிருந்து லியோனில் வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் வீட்டுக்கு ஏதாவது தனிச்சிறப்பு இருக்கிறது என்று காட்டி அதற்கு மேலும் கேட்கச் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு வீட்டின் ஒப்பந்தத்தில் அந்தத் தனிச்சிறப்பு என்று எழுதியிருந்தது கூரையின் உயரம். அப்படிக் கேட்டால், கையெழுத்திட்ட மூன்று மாதத்துக்குள் மாவட்டச் சமரசக் குழுவில் முறையிடலாம். கட்டாயம் முறையிடுங்கள்.