செட்டிநாடும் பூகோளப் பாடமும்

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள நகரத்தார் ஊர்களின் தொகுதி. காரைக்குடி இதன் முதன்மையான நகரம். இவ்வூர்களில் பூகோளம் என்பது பள்ளிப் பாடம் மட்டுமன்று. பிழைப்புக்கு வேண்டிய அறிவாகவும் இருந்தது. புவியியலை வரலாற்றிலிருந்து பிரித்துக் கற்பிக்க முடியாது என்பதற்குச் செட்டிநாடு நல்ல சான்று.

நிலம்

செட்டிநாடு மழை குறைந்த, வற்றாத ஆறு இல்லாத செம்மண் பகுதி. பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஆகவே ஊர்தோறும் ஊருணி வெட்டி மழைநீரைத் தேக்கினர். வீடுகளின் சரிந்த ஓட்டுக் கூரைகளிலிருந்து வளவுக்குள் விழும் நீரையும் சேமித்தனர். வேளாண்மைக்கு வாய்ப்புக் குறைந்த இந்நிலத்திலிருந்து நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளுக்குத் தொழில் செய்யச் சென்றனர். இதனை அவர்கள் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்பர். பெட்டியடிப் பையனாகக் கடைக்குச் சேரும் சிறுவன் அடுத்தாள், மேலாள் என உயர்வான். துறைமுகம், அறுவடைக் காலம், நெல் விலை ஆகியவற்றை அவன் வேலையிலேயே கற்றான்.

பாடமாக வந்த பூகோளம்

தமிழில் இத்துறைக்கு எழுந்த தொடக்ககால நூல்களுள் ஒன்று, பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ் எழுதிய ‘பூமி சாஸ்திரம்’ (1832). சென்னை மாகாணத்தில் இப்பாடத்தை வளர்க்க 1926இல் சென்னைப் புவியியல் கழகம் தோன்றியது. இதில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த என். சுப்பிரமணியம் முன்னின்று உழைத்தார். இக்கழகமே பின்னர் இந்தியப் புவியியல் கழகம் ஆயிற்று. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947இல் கலைக்கல்லூரியையும், தொடர்ந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் நிறுவினார்.

மாறிய வரைபடம்

1937 வரை பர்மா, பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். அன்று காரைக்குடியில் படித்த மாணவனுக்கு இரங்கூன், இந்திய வரைபடத்தில் இருந்த ஊர். அவன் தந்தையோ மாமனோ அங்குக் கடை வைத்திருக்கக்கூடிய ஊர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதி வடிநிலத்து அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை பெருகியது. காடு திருத்தி நெல் விளைவித்த உழவர்களுக்கு நகரத்தார் கடன் கொடுத்தனர். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. உழவர்களால் கடனை அடைக்க இயலவில்லை. 1937இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 25 விழுக்காடு நிலம் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. நிலத்தை இழந்த பர்மிய உழவர்களிடையே வெறுப்பும் வளர்ந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பால் பல்லாயிரக்கணக்கான இந்தியர் நடந்தே எல்லை கடந்தனர். விடுதலைக்குப்பின் 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. வரைபடத்தில் ஒரு கோடு மாறியது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் செட்டிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் சொத்தும் தொழிலும் கைவிட்டுப் போயின.

இன்று வகுப்பறையில்

இன்று தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை புவியியல், சமூக அறிவியல் பாடத்தின் ஒரு பகுதி. மேல்நிலையில் அதைத் தேர்ந்தெடுப்போர் மட்டுமே படிக்கின்றனர். தேர்வுக்காக வரைபடத்தில் இடம் குறிப்பதோடு பாடம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்த இடம் ஏன் அங்கே இருக்கிறது, எல்லை எப்போது மாறியது என்ற கேள்விகள் பின்தங்குகின்றன. காரைக்குடியே இதற்கு எடுத்துக்காட்டு: 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1985 முதல் சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது.

செட்டிநாட்டு மாணவர்க்கு இப்பாடத்தைத் தொடங்க ஒரு வீடும் ஓர் ஊருணியும் போதும். வீட்டுத் தூண் பர்மாத் தேக்கு. தரை, உள்ளூர் மண் கலந்து செய்த ஆத்தங்குடிக் கல். தேக்கு எந்த நாட்டு மழையில் வளர்ந்தது, எந்தத் துறைமுகம் வழியாக வந்தது, ஏன் வருவது நின்றது என்று கேட்டால் காலநிலை, வணிகம், அரசியல் எல்லை ஆகிய மூன்று பாடங்களும் அதிலேயே கிடைக்கும். ஊருணிக்கு நீர் வரும் வரத்துக்காலைத் தேடி நடந்தால், அது எங்கே அடைபட்டுள்ளது என்பதும் தெரியவரும்.