ஷட்டர் இருந்த காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அடுத்த சில வருடங்களில் எஸ்.டி.டி. பூத்காரர்கள் பலர் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினார்கள். மதுரை சிம்மக்கல்லில் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மெயில் பார்க்கவும் பிளஸ் டூ ரிசல்ட் பிரின்ட் எடுக்கவும் ஆள் வந்தாலும், கடை வாடகையைக் கொடுத்தது கேம் ஆடிய பையன்கள்தான்.

'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆட இன்டர்நெட்கூட வேண்டாம். கம்ப்யூட்டர்களை லேன் கேபிளில் இணைத்தால் போதும். "டேய், டஸ்ட் டூ மேப் போடுடா" என்று ஒருவன் கத்துவான், அடுத்த ஒரு மணி நேரம் வேறு பேச்சே இருக்காது. என் கடைக் கீபோர்டுகளில், ஆட்டத்தில் நகர அழுத்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நாலு எழுத்தும் தேய்ந்து வெறும் கறுப்புக் கட்டையாகத்தான் இருக்கும்.

கேம் பைத்தியம் அப்போதும் இருந்தது. டியூஷன் ஃபீஸ் என் மேஜைக்கு வந்ததை அறிவேன். ஆனால், நேரம் முடிந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். "அண்ணே, பத்து நிமிஷம்ணே" என்று கெஞ்சுபவனிடம் காசு இருக்காது. மகனைத் தேடும் அப்பாவுக்கு எந்தக் கடை என்று தெரியும். இரவு பத்துக்கு ஷட்டர் இறங்கும். 2011-இல் வந்த மத்திய அரசு விதிகள் கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது என்றன. அடையாள அட்டை இல்லாத சிறுவன் பெரியவர் துணையோடுதான் வரலாம் என்றன.

2016 செப்டம்பரில் மலிவு டேட்டாவோடு ஜியோ வந்தது. 2018-இல் பப்ஜி கேம் செல்போனுக்கு வந்தது. மணிக்கணக்குக் கட்டணம் போயிற்று, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. பிரவுசிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடைகளாயின. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் கேம் அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

அந்த ஷட்டரைச் சட்டத்தால் இறக்கிப் பார்த்த நாடும் உண்டு. தென்கொரியா 2011-இல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடத் தடை போட்டது. செல்போன் கேம்களை அதில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் செல்போனுக்கு மாறிவிட்டார்கள். 2022 ஜனவரியில் சட்டமே போய்விட்டது.

தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை அடைப்பு நேரம் கொண்டுவந்தது. அது காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு மட்டும். ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தக் காசாட்டங்களையே தடைசெய்தது. பையன்கள் இலவசமாக விடிய விடிய ஆடும் ஆட்டங்களுக்கு இரண்டு சட்டங்களிலும் அடைப்பு நேரம் இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்காவது, செல்போனையும் சேர்த்து, அந்த அடைப்பு நேரத்தைச் சட்டத்தில் எழுதுங்கள்.