முருகவேள் சூடிய காந்தள்

குறிஞ்சிக் கிழவனாம் முருகப் பெருமானுக்கு உகந்த மலர்கள் பல. அவற்றுள் கடம்பினை அறியாதார் இலர். காந்தளையோ இன்று பூக்குடலையில் காண்பது அரிதாயிற்று. பண்டு அதன் நிலை இவ்வாறு இருந்ததில்லை.

திருமுருகாற்றுப்படை, பெருமானின் திருமுடியில் காந்தட் கண்ணியையே சூட்டி மகிழ்கின்றது. வண்டும் மொய்க்க அஞ்சும் தெய்வ மலராக அதனைப் போற்றுகின்றது. வேலன் ஆடும் வெறியாட்டுக்குத் தொல்காப்பியர் இட்ட துறைப்பெயரும் காந்தளே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொடுத்த மலர் வரிசையில் முதலிடம் செங்காந்தளுக்கே உரியது. ஏட்டுச் சுவடிகளில் மறைந்து கிடந்த குறிஞ்சிப்பாட்டை 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டுப் பதிப்பின் வாயிலாக உலகுக்கு அளித்தவர் உ. வே. சாமிநாதையர் ஆவர்.

காட்டோரப் புதர்களின் நிழலில் வேரூன்றி, இலைநுனியையே பற்றுக்கொடியாகச் சுருட்டிக்கொண்டு ஒளியை நாடி மேலேறும் கொடி இது. இதழ்கள் ஆறு, மகரந்தத் தாள்களும் ஆறு. ஆறுமுகனுக்கு உரிய பூவில் இவ்வெண் அமைந்ததை அடியார் உள்ளம் எண்ணி மகிழாதிருக்குமோ? அரும்புகையில் பசுமை, விரிகையில் மஞ்சள், முதிர்கையில் செந்தீயின் நிறம். கார்த்திகைத் திங்களில் பொலிவதால் கார்த்திகைப்பூ என்றும், கிழங்கின் வடிவால் கலப்பைக்கிழங்கு என்றும் மக்கள் வழங்குவர். 1753இல் லின்னேயசு என்னும் அறிஞர் இதற்குக் 'குளோரியோசா சூபர்பா' எனப் பெயரிட்டார். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

அழகோடு நஞ்சும் இதனிடம் உண்டு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் உயிரைப் போக்க வல்லது. அளவறிந்து மருத்துவர் கொடுப்பின் கீல்வாத நோயைத் தணிப்பது. இதன் பொருட்டே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் உழவர் இதனைப் பயிரிட்டு விதையை விற்கின்றனர். காட்டுக் கிழங்கை அகழ்ந்து கொணர்வோரும் உளர். அகழ்ந்த இடத்தில் கொடி மீள்வதில்லை.

ஆகவே, நந்தவனம் அமைக்க முன்வரும் அன்பர்கள் காட்டை நாடாது, பயிரிடுவோரிடமே கிழங்கு பெறுதல் நன்று. மரத்தின் அரைநிழலில், நீர் தேங்காத மண்ணில், ஆடியில் நடலாம். சிறுவரும் ஆவினமும் அணுகாதவாறு வேலி இன்றியமையாதது. பூத்துக் காய்த்தபின் கொடி முற்றும் பட்டுப்போகும். பழைய கிழங்கு மாய்ந்து, புதிய கிழங்கு மண்ணுள் உறங்கும். கோடையில் அவ்விடம் வெறுந்தரையாகவே தோன்றுமாதலின், களைகொட்டு அதன்மேல் படாதபடி ஒரு கல்லை நட்டு வைத்தல் வேண்டும்.