சீரத்தில் கிடைத்த சாட்சியம்

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்களே எஞ்சியுள்ளன. அங்குள்ள பூதி விக்கிரமகேசரியின் கல்வெட்டில் ஆண்டு இல்லை. எழுத்தமைதியையும் அதில் வரும் பெயர்களையும் கொண்டே அறிஞர்கள் அவன் காலத்தைக் கணித்தனர். நேரில் காண இயலாததை அது விட்டுச்சென்ற தடயத்தால் அறியும் இம்முறையிலேயே இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறும் தொடங்குகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி செல்லப்பன் நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் குருதி சேகரித்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால், 1986 பிப்ரவரியில் மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றன. அங்கே ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் எலைசா சோதனை நடந்தது. வைரஸின் புரதம் பூசிய குழிகளில் சீரத்தை விட்டால், அதிலுள்ள எதிர்ப்பொருள் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பின்னர் சேர்க்கும் நொதியின் வினையால் நிறம் தோன்றும். ஆறு மாதிரிகளில் நிறம் தோன்றியது. அமெரிக்காவில் செய்த மறுசோதனை அதை உறுதிப்படுத்தியது.

குழியில் பூசும் புரதத்தை மட்டும் மாற்றி, உடல் தன்னையே தாக்கும் நோய்களில் உண்டாகும் தன்னெதிர்ப்பொருள்களையும் இன்றைய ஆய்வகங்கள் இவ்வாறே அளக்கின்றன. முதல்வகை நீரிழிவு அதற்கோர் எடுத்துக்காட்டு.

எதைச் சோதிக்கக் குருதி எடுக்கிறோம் என்பதை அப்பெண்களிடம் சொல்லவில்லை என நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். வரலாறு இதையும் பதிந்தாக வேண்டும். கல்வெட்டில் விடுபட்ட ஆண்டை ஊகித்துவிடலாம். கேட்கப்படாத இசைவை எச்சோதனையும் மீட்டுத் தராது.