கழுத்திலிருந்து வந்த சந்தேகம்

"எல்லாரும் எனக்கு எதிரா சதி பண்றாங்க"ன்னு ஒருத்தர் தீவிரமா நம்ப ஆரம்பிச்சா, அதை பாரனோயான்னு சொல்வோம். உடனே நம்ம மனசுக்கு வர்ற நோய் ஸ்கிஸோஃப்ரினியா. ஆனா கழுத்துல இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி கெட்டுப்போனாலும் இதே சந்தேகம் வரலாம். இன்னைக்கு தைராய்டின் கதை.

1888-இல் லண்டன் கிளினிக்கல் சொசைட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. தைராய்டு செயலிழந்த நூறு பேருக்கு மேல் ஆராய்ந்திருந்தார்கள். முகம் ஊதியிருந்தது, குரல் தடித்திருந்தது, குளிர் தாங்கவில்லை. இதெல்லாம் தெரிஞ்சதுதான். ஆனா கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மனமும் கலங்கியிருந்தது. அதில் தூக்கலாகத் தெரிந்தது, சந்தேகம்.

மூணே வருஷத்துல மருந்து வந்தாச்சு. 1891-இல் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அவர் அதற்குப் பிறகு 28 வருஷம் வாழ்ந்தார்.

அப்போ கதை முடிஞ்சதா? இல்லை. 1937-இல் டாக்டராக இருந்த ஏ. ஜே. குரோனின் எழுதிய 'தி சிட்டடெல்' நாவலில் ஒரு கட்டம். ஒருவரைப் பைத்தியம் என்று சான்றளிக்க இளம் டாக்டரின் கையெழுத்து தேவை. அவர் மறுக்கிறார். காரணம், நோய் தைராய்டில்.

1949-இல்தான் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர், இப்படி மனநோயாளிகளாக வந்த 14 பேரைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் 9 பேர் முழுசா குணமானாங்க.

என்னை உலுக்கினது அந்த 58 வருஷ இடைவெளி. மருந்து கையிலேயே இருந்தது. ஆனா மனம் கலங்கியவரின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கணும்னு பலருக்குத் தோணலை. அந்த இடைவெளியில் எத்தனை பேர் விடுதிகளுக்குள்ளேயே முடிஞ்சுபோனாங்களோ!

தைராய்டு மட்டும் இல்லை. பி12 குறைபாடு, ஆம்ஃபெட்டமின், மூளை அழற்சி, பல நாள் தூக்கமின்மை, பழைய மனக்காயம் எல்லாமே சந்தேகத்தைக் கிளப்பலாம். ஸ்கிஸோஃப்ரினியாவாவே இருந்தாலும் சிகிச்சை உண்டு.

அதனால, வீட்டுல யாராவது திடீர்னு இப்படி மாறினா, பைத்தியம்னு முத்திரை குத்தாதீங்க. மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கூடவே ஒரு கேள்வி கேளுங்க: "டாக்டர், தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?"